கை கால் உடைஞ்சவங்கள "உருவி விடுறோம்"னு பேக்கேஜ் விக்கிறாங்க, பினாங்கு மக்களே உஷார்

பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருக்கிற நம்மாளுங்க கொஞ்சம் படிச்சிருங்க. கடை பேரு இங்க போடல, கேஸ் போடப்போறோம் அதான்.

என் தம்பி ஃபேக்டரி நைட் ஷிப்ட் முடிச்சு மோட்டார்ல வரும்போது லோரி இடிச்சு, முழங்கை உடைஞ்சு விலகிருச்சு, முழங்காலுக்குக் கீழ எலும்பு தோலக் கிழிச்சிட்டு வெளிய வந்துருச்சு. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நல்லாவே பண்ணாங்க, குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போதே பிசியோ தேதி, பாதம் கீழ தொங்கிடாம இருக்க ஒரு ஸ்ப்ளிண்ட் எல்லாம் குடுத்து, முழங்கைய நீயே மெதுவா மடக்கி நீட்டு, வேற யாரையும் புடிச்சு இழுக்க விடாதன்னு சொல்லித்தான் விட்டாங்க.

அம்மாவுக்கு மனசு கேக்கல. கோயில்ல யாரோ சொன்னாங்கன்னு அந்த உருவி விடுற செண்டருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளைக் கோட்டு, சுவத்துல எலும்புக்கூடு படம், பிரேம் போட்ட சர்டிபிகேட்டு. "ஆஸ்பத்திரியில சும்மா பாத்துட்டு அனுப்பிருவாங்கம்மா, நாங்க மூணே மாசத்துல பந்து விளையாட வைக்கிறோம்"னு சொல்லி 3,800 வெள்ளி (ரிங்கிட்), மொத்தமும் முன்னாடியே வாங்கிட்டாங்க. ரசீதுல "மூலிகை எண்ணெய்"னு மட்டும் எழுதியிருக்கான், அத ஞாபகம் வச்சுக்குங்க.

சூடா எண்ணெய் ஊத்தி ரெண்டு பேரு அவனப் புடிச்சுக்க, ஒருத்தன் முழங்கைய மடக்குவான். தம்பி கத்துனா வலிச்சாத்தான் நரம்பு தெறக்கும்பான். ஸ்ப்ளிண்ட் ரத்த ஓட்டத்த அடைக்குதுன்னு கழட்டச் சொல்லிட்டான். கெண்டைக்கால் வீங்குனப்போ அதையும் போட்டு அமுக்கிருக்கான், எனக்கு இப்ப நெனச்சாலும் கை நடுங்குது, ஏன்னா கால் உடைஞ்சு படுத்திருக்கிறவங்களுக்கு கெண்டைக்கால்ல ரத்தம் கட்டியிருக்கலாம், அந்தக் கட்டி நகந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே போயிருவாங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்குனாலோ நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க, எண்ணெயத் தேடாதீங்க.

இப்ப முழங்கை பாதியிலயே நின்னுபோச்சு. சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியல. எக்ஸ்ரேல பாத்தா மூட்டச் சுத்தி சதைக்குள்ள புதுசா எலும்பு வளந்திருக்கு. முழங்கை இப்படி அடிபட்டா அது தானாவும் வரும், ஆனா ஆறாத மூட்ட முரட்டுத்தனமா இழுத்தா இன்னும் மோசமாகும்னு டாக்டர் சொன்னாரு, முழுசா இவனுங்க தலையில தூக்கிப் போடல, நானும் போடல. அந்த எலும்பு முத்துற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் வெட்டி எடுக்கிறதப் பத்தியே பேசுவாங்களாம். ஆனா பாதம்? ஸ்ப்ளிண்ட் போடாம கெண்டைச்சதை இறுகி குதிகால் தரையில படவே மாட்டேங்குது, அதுக்கு இவனுங்கதான் பொறுப்பு.

எரிச்சல் என்னன்னா காசு குடுத்திருக்கவே வேணாம். வேலைக்குப் போற வர்ற வழியில அடிபட்டாலும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) உண்டு, டாக்டர் குடுத்த லீவுக்கு தினச் சம்பளத்துல 80 சதவீதம் வரும், பிசியோவும் அவங்க ஏற்பாடு பண்ணுவாங்க, மலாக்காவுல துன் ரசாக் மறுவாழ்வு மையமே இதுக்குன்னு கட்டி வச்சிருக்காங்க. பாரம்பரிய வைத்தியம் பண்றவங்களுக்கும் பிசியோ பண்றவங்களுக்கும் 2016லயே பதிவு பண்ணணும்னு தனித்தனி சட்டம் வந்தாச்சு. பதிவு நம்பர் காட்டுங்கன்னு நான் கேட்டதுக்கு அந்த பிரேமக் காட்டுறான், கிட்டப் போய்ப் பாத்தா ஸ்பா கோர்ஸ் சர்டிபிகேட்டு!

காசத் திருப்பிக் கேட்டா, "நாங்க எண்ணெய்தானே வித்தோம், ரசீதப் பாருங்க"ங்கிறான். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரைக்கும் வக்கீல் இல்லாமயே கேக்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். மூணு மாசத்துல சரியாயிரும்னு அவன் அம்மாவுக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் பத்திரமா இருக்கு. இதே மாதிரி "மூலிகை எண்ணெய்"னு ரசீது வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போடலாம்.