வலிப்புக்குப் பின் எடுக்கும் ரத்தம்: புரோலாக்டினா, லாக்டேட்டா, சி.கே.வா?

வலிப்பு நின்று எத்தனை நிமிடம் ஆயிற்று? எந்தப் பரிசோதனை கேட்பது என்பது இதைப் பொறுத்தது. மூளையின் மின்கோளாறால் வருவதையும் மனம்சார் வலிப்பையும் (அது நடிப்பு இல்லை) பிரிக்க உதவும் பொருள்கள் ரத்தத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் ஏறி இறங்குகின்றன.

பிட்யூட்டரி சுரப்பி விடும் ஹார்மோனான புரோலாக்டினுக்கு அவகாசம் குறைவு. மின்கோளாறு அந்தச் சுரப்பியை ஆளும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸுக்குப் பரவினால், சுரப்பை அடக்கி வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பிடி தளரும், ஹார்மோன் ஏறும். 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். சில மணி நேரத்தில் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். ஒற்றை அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குறைந்தது 6 மணி நேரம் கழித்தோ, மறுநாள் அதே நேரத்திலோ மறுபடி எடுத்து, முதல் அளவு அதைப்போல் இரு மடங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயில் எடுத்த நேரத்தை எழுதாவிட்டால் இத்தனையும் வீண்.

அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2005 மதிப்பீட்டில் இதன் தனித்தன்மை (மின்கோளாறு வலிப்பு இல்லாதவர்களிடம் ஏறாமல் இருக்கும் விகிதம்) சுமார் 96%. ஆனால் உணர்திறன் (அந்த வலிப்பு வந்தவர்களிடம் ஏறும் விகிதம்) உடல் முழுதும் வெட்டும் வலிப்பில் சுமார் 60%, நினைவு மங்கும் பகுதி வலிப்பில் 46%தான். ஆக, ஏறினால் அதற்குப் பொருள் உண்டு. ஏறாவிட்டால் எதையும் மறுக்க முடியாது. ஏறியதையும் அப்படியே நம்பக் கூடாது. சாதாரண மயக்கத்திலும் ஏறும். ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு ஆகிய மருந்துகள், கர்ப்பம், தாய்ப்பாலூட்டல், தூக்கம் எல்லாமே அளவை உயர்த்தும். இடைவிடாத தொடர்வலிப்பிலோ ஏறாமலே போகலாம்.

நேரம் தவறிவிட்டதா? லாக்டேட் கேளுங்கள். தசை கடுமையாக இறுகித் துடிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலப்பொருள் இது. சுமார் 2 மணி நேரம் வரை பயன்படும், ரத்த வாயு இயந்திரத்தில் சில நிமிடத்தில் முடிவு கிடைக்கும். அவசரப் பிரிவுக்கு என் தேர்வு இதுதான். ரத்தம் எடுக்கக் கையில் போடும் கட்டை நெடுநேரம் இறுக்கி வைத்தாலும், மாதிரியை அறை வெப்பத்தில் கிடக்க விட்டாலும் பொய்யாக உயரும். கிருமித்தொற்று, ஈரல் நோய் உள்ளவர்களிடம் நம்பிக்கை குறையும்.

சி.கே. (கிரியேட்டின் கைனேஸ், தசையிலிருந்து கசியும் நொதி) மெதுவானது: மணிக்கணக்கில் ஏறி ஓரிரு நாளில் உச்சம் தொடும். மறுநாள் வருபவருக்கு வேறு வழியில்லை. விழுந்த அடியும், தசையில் போட்ட ஊசியும் அதையும் உயர்த்தும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் வெறும் பதற்றத்திலும் ஏறுவதால் கேட்கத் தேவையில்லை.

முடிவு சொல்வது வீடியோ ஈ.ஈ.ஜி. (படமெடுத்துக்கொண்டே மூளையின் மின்னலைகளைப் பதிவது), அதுவும் வழக்கமான நிகழ்வு பதிவானால்தான். ஒரே ஆளுக்கு இரண்டு வகையும் இருக்கலாம். ஆகவே புரோலாக்டின் ஏறவில்லை என்று வலிப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். அதுவரை வீட்டாரிடம் கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள், கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று தெரியும்படி.