சுகர், பிரஷர் மாத்திரை: ஆரம்ப சுகாதார நிலையமா, வீடு தேடி வருவதா?

வயதான அம்மா அப்பாவுக்கு எது தோது என்று குழம்புகிறவர்களுக்காக.

செலவு: இரண்டிலும் மாத்திரை இலவசம்தான். ஆனால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றால் கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம் போச்சு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தமிழக அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை மிச்சப்படுத்துகிறது.

கவனிப்பு: நிலையத்தில் டாக்டர் பார்த்து அளவைக் கூட்டுவார், குறைப்பார். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பிரஷரும் சுகரும் பார்ப்பார். மருந்தை மாற்றுவது அவர் வேலையில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

படுக்கையில் இருப்பவர்: பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை வீட்டுக்கே வரும். இங்கே போட்டியே இல்லை.

புதிதாகச் சுகர் வந்தவர், காலில் புண் உள்ளவர் நிலையத்துக்கே போகட்டும். ஒரே மாத்திரையில் சீராக இருப்பவர், நடக்க முடியாதவர் என்றால் துணை சுகாதார நிலையத்தில் சொல்லிப் பெயரைப் பதியுங்கள்.