டிப்பரா, பிக்கப்பா, 7.5 டன் லாரியா? பிரிட்டனில் மரம் வெட்டும் தொழிலுக்கு எது தோது

பிரிட்டனில் மரம் ஏறி, கிளை கழித்து, வெட்டி அகற்றும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்கள் வண்டி பார்க்கப் போனால் முதலில் கேட்பது, "எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது வண்டியில் எவ்வளவு எடை ஏறியிருக்கும் என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். காலையில் கிளம்பும்போது கயிறு, செயின்சா, பெட்ரோல் கேன், இரண்டு மூன்று ஆட்கள், அவ்வளவுதான். திரும்பும்போது ஒரு மரமே கூட வருகிறது.

அந்த மரத்தின் எடையைப் பலரும் குறைத்தே நினைக்கிறார்கள். சிப்பரில், அதாவது கிளைகளைச் சில்லாக்கும் மெஷினில், அரைத்த பச்சைச் சில்லு ஒரு கன மீட்டர் சுமாராக 300 முதல் 400 கிலோ வரும். பச்சை ஓக் கட்டை என்றால் அதே ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தாண்டும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே சொல்வது எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

போட்டியில் இருப்பவை மூன்று ஏற்பாடுகள். ஒன்று, 3.5 டன் டிப்பர், பின்னால் 750 கிலோவுக்குள் அடங்கும் சிப்பர். இரண்டு, டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப், பின்னால் 3.5 டன் டிப்பிங் டிரெய்லர். மூன்று, 7.5 டன் லாரி.

லைசென்ஸ் எதற்கு இடம் கொடுக்கிறது

சாதாரண கார் லைசென்ஸ், அதாவது 'பி' வகை, 3,500 கிலோ வரை மொத்த எடை அனுமதி உள்ள வண்டியை ஓட்டவிடும். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு தேர்வானவர்கள் பெரிய டிரெய்லர் இழுக்க முன்பு தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 டிசம்பர் 16 முதல் அது போய்விட்டது. இப்போது 'பி' லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். இந்த ஒரு மாற்றத்தால்தான் பிக்கப் ஏற்பாடு இளைஞர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

1997-க்கு முன் தேர்வானவர்களிடம் 7.5 டன் லாரிக்கான 'சி1' உரிமையும் சேர்ந்தே இருக்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 8,250 கிலோ வரை போகலாம். 70 வயதுக்கு மேல் மருத்துவச் சான்று இல்லாமல் அது தொடராது. உங்கள் குழுவில் அப்படி ஒரு மூத்தவர் இருந்தால் அவருடைய லைசென்ஸ் பெரிய சொத்து. மற்றவர்கள் 'சி1' எடுக்க மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் தாண்ட வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். குடியேறி 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் இங்கே தேர்வெழுதி புதிய லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது.

3.5 டன் டிப்பர்: பெட்டி பெரிது, எடை சிறிது

மரம் வெட்டும் குழுக்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணமும் நியாயமானது. சிப்பரைப் பின்னால் மாட்டி, அதன் வாயிலிருந்து வரும் சில்லை நேரே பெட்டிக்குள் அடிக்கலாம். வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டுப் போகலாம். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஒரே பயணம்.

ஆனால் மேலே பலகை வைத்து உயர்த்திய பெட்டி, கருவி அலமாரி, டபுள் கேப் எல்லாம் சேர்ந்த பிறகு இந்த வண்டிகளில் மிஞ்சும் சுமை அளவு ஒரு டன் அக்கம்பக்கம்தான். பலவற்றில் அதற்கும் கீழே. மூன்று பேர், கயிறுகள், மெஷின்கள், எரிபொருள், கொக்கியின் மேல் இறங்கும் சிப்பரின் எடை என்று ஒரு 400 கிலோவைக் கழியுங்கள். மிச்சம் 600 கிலோ. பச்சைச் சில்லில் அது இரண்டு கன மீட்டரைத் தாண்டாது. பெட்டியோ ஐந்து, ஆறு கன மீட்டர் கொள்ளும். பாதி நிரம்புவதற்கு முன்பே சட்டப்படியான எடை முடிந்துவிடுகிறது. பெட்டி காலியாக இருக்கிறதே என்று கண் சொல்லும். அதை நம்பக் கூடாது. வழியில் டிவிஎஸ்ஏ (வாகனச் சோதனை அரசு அமைப்பு) அதிகாரிகள் நிறுத்தி எடைமேடையில் ஏற்றினால் 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம். மிகவும் கூடுதல் என்றால் நீதிமன்றம். எடையைக் குறைக்கும் வரை வண்டியை நகரவும் விடமாட்டார்கள். அபராதத்தைவிட, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்காத வண்டிதான் எனக்குப் பெரிய கவலை.

ஆகவே டிப்பர் வாங்குவதாக இருந்தால் சிங்கிள் கேப்பைப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்குப் பதில் அலுமினியப் பெட்டி வைத்தவை கிடைத்தால் இன்னும் நல்லது. முழுத் தொட்டி டீசலோடும் கருவிகளோடும் ஒரு தடவை எடைமேடையில் ஏற்றி, உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அந்த அளவுக்குச் சில்லு வரும் உயரத்தில் பெட்டிக்குள் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்கு மேல் அடிக்கக் கூடாது என்று குழுவுக்குச் சொல்லிவைத்தால் தினமும் வாக்குவாதம் இருக்காது.

பிக்கப்: '3.5 டன் இழுக்கும்' என்பதற்குள் இருக்கும் சிக்கல்

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் அடையாளமாகவே இருந்தது. பழைய மாடல் 2016 ஜனவரியோடு நின்றுவிட, அந்த இடத்தை ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் மாதிரி பிக்கப்புகள் பிடித்துக்கொண்டன. எல்லாமே 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

கதவைத் திறந்து தகட்டைப் பாருங்கள். அதில் மேலிருந்து கீழாக நான்கு எண்கள் இருக்கும்: வண்டியின் மொத்த எடை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவது எண்தான் விஷயம். அது 6,000 என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 3,500 கிலோ முழுச் சுமையோடு இருந்தால் பிக்கப்புக்கு மிஞ்சுவது 2,500. பிக்கப்பே காலியாக 2,100 கிலோ என்றால், ஆட்களுக்கும் கருவிக்கும் 400 கிலோதான். பின்னால் ஒரு டன் ஏற்றலாம் என்பதும், 3.5 டன் இழுக்கலாம் என்பதும் தனித்தனியாக உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இந்தத் தகடு விடாது.

அப்படியிருந்தும் எடை கொண்டுபோவதில் பிக்கப் ஏற்பாடு டிப்பரை எளிதாக மிஞ்சும். டிப்பிங் டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தாலும் இரண்டு டன்னுக்கு மேல் கட்டை ஏற்றலாம். விறகாக விற்கக் கட்டைகளை முழுசாகக் கொண்டுவருபவர்களுக்கு இது சரியான ஜோடி.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கொக்கியில் டிரெய்லர் மாட்டியிருந்தால் சிப்பரை எது இழுக்கும்? ஒரு கொக்கிக்கு ஒன்றுதான். இரண்டாவது வண்டி வேண்டும், இல்லையென்றால் செயின் சக்கரத்தில் தானே நகரும் சிப்பரை டிரெய்லர் மேலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படி ஏற்றினால் திரும்பும்போது சில்லுக்கு இடமில்லை. தோட்டத்திலேயே கொட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். தனி ஆளாகத் தொழில் செய்பவரை இது ரொம்பவே கட்டிப்போடும்.

வரி விஷயத்திலும் பிக்கப்பின் பழைய சலுகை போய்விட்டது. 2025 ஏப்ரல் முதல் டபுள் கேப் பிக்கப்பை வருமான வரி, நிறுவன வரிக் கணக்கில் காராகவே பார்க்கிறார்கள். பழைய கணக்கை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

7.5 டன் லாரி

எடைப் பிரச்சினைக்கு நேரடியான தீர்வு இதுதான். பெட்டியோடு சேர்த்தும் மூன்று டன் அளவுக்கு ஏற்றலாம். பெரிய மரங்களை வேரோடு அகற்றும் வேலை வாரா வாரம் இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

விலை வேறு இடத்தில் கேட்கிறது. 3.5 டன்னுக்கு மேல் போனாலே ஆபரேட்டர் லைசென்ஸ், அதாவது தொழிலுக்குச் சரக்கு வண்டி வைத்துக்கொள்ள அனுமதி, வேண்டும். வண்டி நிறுத்த அனுமதி பெற்ற இடம், உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு, குறிப்பிட்ட இடைவெளியில் வண்டிப் பரிசோதனை, முதல் வண்டிக்கு 3,100 பவுண்டும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 1,700 பவுண்டும் கையிருப்பு. சொந்த வேலைக்கான கட்டுப்படுத்தப்பட்ட லைசென்ஸுக்கே இவ்வளவு. முதல் வருடத்திலிருந்தே ஆண்டுச் சோதனை உண்டு. வேகம் 56 மைலில் பூட்டியிருக்கும். லண்டனுக்குள் யூரோ 6 புகைத் தரம் இல்லாத லாரி என்றால் ஒரு நாளைக்கு 100 பவுண்டிலிருந்து கட்டணம்; டிப்பருக்கும் பிக்கப்புக்கும் அது 12.50.

சிப்பர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

750 கிலோ என்ற எண் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 1997-க்குப் பிறகு தேர்வாகி, 'சி1' மட்டும் எடுத்து லாரி ஓட்டுபவர் இழுக்கக்கூடியதும் 750 வரைதான். டிம்பர்வுல்ஃப், ஃபோர்ஸ்ட், கிரீன்மெக் மூவருமே இந்த எடைக்குள் அடங்கும் ஆறு அங்குல வாய் உள்ள மெஷின்களை வைத்திருப்பது இதனால்தான். 19 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டீசல் எஞ்சினுக்குப் புகைத் துகள் வடிகட்டி தேவைப்படும் நிலை வந்தபிறகு, எடையைக் குறைக்கப் பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியவையும் நிறைய. டீசல் குடிப்பது குறைவு. பெட்ரோல் எடை குறைவு. நாள் முழுக்க அரைப்பவர்களுக்கு டீசல், மற்றவர்களுக்குப் பெட்ரோல் என்பேன்.

எட்டு அங்குல வாய் உள்ளவை ஒரு டன்னைத் தாண்டும். கிளையைப் பிளந்து சிறிதாக்கும் நேரம் மிச்சமாகும், ஆனால் வீட்டுத் தோட்டத்துச் சரளைக் கல் பாதையில் கொக்கியைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ள முடியாது. ஆறு அங்குலத்தையே இரண்டு பேர் மூச்சு வாங்கித்தான் நகர்த்துகிறோம்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உயரமான டிப்பர் பெட்டிக்குப் பின்னால் சின்ன சிப்பர் கண்ணாடியில் தெரியவே தெரியாது. அது ஒரு பக்கமாகத் திரும்பிவந்து கண்ணில் படும்போது ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருக்கும். நீளமான டிப்பிங் டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், இரண்டு கண்ணாடியிலும் தெரியும். புதியவருக்கு அதுவே சுலபம். சிப்பரின் மட்கார்டில் இரண்டு உயரமான கம்பி நட்டுவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாலையில்

டிரெய்லர் மாட்டினால் நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் 50 மைல், தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று தடம் உள்ள மோட்டார்வேயில் வலது கோடித் தடத்துக்குப் போகக் கூடாது. டிப்பருக்குத் தனியாகவே முதல் இரண்டு வரம்பும் இதேதான், அதனால் அது இழப்பது மோட்டார்வேயில் 10 மைல் மட்டும்.

பிரேக் உள்ள டிரெய்லர் கழன்றுகொண்டால் அதைப் பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய கேபிளைக் கொக்கிக் குண்டின் கழுத்தில் சும்மா சுற்றிவிடுவார்கள். அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். பிரேக் இல்லாததற்குச் சங்கிலி.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3.5 டன்னைத் தாண்டினால் டாக்கோகிராஃப் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) விதி எட்டிப் பார்க்கும். சொந்த வேலைக்கான கருவிகளோடு, இருப்பிடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள், 7.5 டன்னுக்குள், ஓட்டுவது முக்கிய வேலையாக இல்லாவிட்டால் விலக்கு உண்டு. ஆபரேட்டர் லைசென்ஸுக்கான 3.5 டன் கணக்கில் காலி எடை 1,020 கிலோவுக்குக் குறைந்த டிரெய்லரைச் சேர்ப்பதில்லை. சிப்பர் இதில் தப்பிவிடும். டிப்பிங் டிரெய்லரில் உயரமான கம்பிக்கூண்டு ஏற்றினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடும். வாங்கும்போதே கூண்டோடு எடை கேளுங்கள்.

இரண்டு மூன்று பேர் கொண்ட, வீட்டுத் தோட்ட வேலை செய்யும் குழுவுக்கு என் ஓட்டு சிங்கிள் கேப் டிப்பருக்கும் 750 கிலோ சிப்பருக்கும். ஆஷ் மரங்கள் அதிகமுள்ள பகுதியில் மட்டும் கணக்கு மாறும். 2012-ல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் தாக்கிய ஆஷ், காய்ந்து சொல்லாமல் ஒடியும். அதில் ஆள் ஏறக் கூடாது. டிரெய்லரில் வரும், கால் ஊன்றி ஆளை மேலே தூக்கும் சிலந்திக்கால் லிஃப்ட்தான் பாதுகாப்பு. அதை இழுக்க பிக்கப் வேண்டும். லிஃப்டை வாடகைக்கு எடுக்கும்போது டிரெய்லரோடு சேர்த்து எடை என்ன, ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய பரிசோதனைச் சான்று கையில் இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வண்டியை அனுப்புங்கள்.