திருமண நேரலைக்கு உள்ளூர் ஃபைபர் இணைப்பு: கீழக்கரையிலிருந்து ஒரு மதிப்புரை

கீழக்கரையில் ஒரு நிக்காஹ் நடந்தால், துபாயிலும் கோலாலம்பூரிலும் உள்ள உறவினர்கள் கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களுக்கு நேரலை அனுப்பும் வீடியோ தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எங்கள் பகுதிக் கேபிள் நிறுவனம் மண்டபங்களுக்குத் தரும் ஃபைபர் இணைப்பை, அப்லோடு வேகத்தை, அதாவது நம்மிடமிருந்து இணையத்துக்கு அனுப்பும் வேகத்தை, முதன்மையாக வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

விளம்பரத் தட்டிகளில் பெரிதாக எழுதப்படுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். நேரலை அனுப்புபவருக்கு அது உதவாது. விநாடிக்கு 30 ஃபிரேம் கொண்ட 720பி தெளிவுள்ள படத்துக்கு 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), அதைவிடத் தெளிவான 1080பி படத்துக்கு 10 எம்பிபிஎஸ் என்று யூடியூப் பரிந்துரைக்கிறது. வேகம் ஏறி இறங்கும் என்பதால், அனுப்பும் அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது கையில் இருப்பது நல்லது. பார்ப்பவர்கள் பத்துப் பேரோ ஆயிரம் பேரோ, நம்மிடமிருந்து யூடியூப்புக்குப் போவது ஒரே ஒரு படம்தான். ஆகவே கூட்டம் கூடுவதால் நமக்குக் கூடுதல் வேகம் தேவைப்படாது. ஆனால் பார்ப்பவர் ஒருவரின் இணைப்பு தளர்ந்தால் அவருக்கு மட்டும் படம் மங்கும். நம் அப்லோடு அறுந்தால் அத்தனை பேருக்கும் நின்றுவிடும்.

இந்த நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் அப்லோடும் டவுன்லோடும் சம அளவில் கிடைப்பதே இதன் முதல் சிறப்பு. மடிக்கணினியை லேன் ஒயரில் இணைத்து 1080பி அனுப்பும்போது, மாப்பிள்ளை பதிவேட்டில் கையொப்பமிடும் அந்த முக்கியமான நிமிடங்களிலும் நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் திரையின் அடிப்பட்டையில் தவறிய ஃபிரேம்களின் கணக்கு சுழியத்திலேயே நிற்கிறது. கைப்பேசி சிம்மை நம்பி இதே மண்டபத்தில் வேலை செய்தபோது இந்த நிம்மதி கிடைத்ததில்லை. அலைவரிசையின் பெரும்பங்கை டவுன்லோடுக்கே ஒதுக்கும் அமைப்பில், விருந்தினர் அனைவரும் ஒரே நேரத்தில் வீடியோ பகிரத் தொடங்கினால் அப்லோடு சுருங்கிவிடுகிறது.

மின்தடையிலும் இணைப்பு அறுவதில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் இழையின் ஒளியைப் பல இணைப்புகளுக்குப் பிரித்துத் தர வழியில் உள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. அவர்களுடைய அலுவலகத்தில் பேட்டரியும் மண்டபத்து மோடத்துக்கு இன்வெர்ட்டரும் இருந்தால் போதும். முன்பு வேறோர் இணைப்பில், தெருப்பெட்டியில் இருந்த, மின்சாரத்தில் இயங்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் கருவி மின்தடையில் அணைந்து, எங்கள் இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லாமல் போனது.

குறைகளும் உண்டு. மண்டபத்தார் வைஃபை கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். விருந்தினரின் கைப்பேசிகள் எடுத்த படங்களைத் தாமாகவே இணையத்திலுள்ள மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றத் தொடங்கியதும், நமக்கான அப்லோடு கரைகிறது. நேரலைக்குத் தனி முன்னுரிமை அமைத்துத் தருமாறு கேட்டும் நிறுவனம் இன்னும் செய்யவில்லை. ஃபைபர் இழை துருப்பிடிக்காது என்றாலும், அதைத் தாங்கும் இரும்புக் கம்பி உப்புக்காற்றில் அரித்து, ஒயர் தொய்ந்து தொங்குகிறது. புகார் கொடுத்தால் ஆள் வர மறுநாளாகிறது, அதற்குள் திருமணம் முடிந்துவிடும். டேட்டா வரம்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: 10 எம்பிபிஎஸ் வீதம் ஒரு மணி நேரம் அனுப்பினால் 4.5 ஜிபி செலவாகிறது.

மண்டபத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சிக்கு இந்த இணைப்பைத் தயங்காமல் எடுக்கலாம். விருந்தினரால் வேகம் கரையலாம் என்பதால் 1080பியை யூடியூப் பரிந்துரைப்பதைவிடக் குறைத்து 6 எம்பிபிஎஸ் அளவில் வைத்து, ஒரு சிம் ரூட்டரையும் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் திறந்தவெளியில் நடக்கும் விழாக்களுக்கு இவர்கள் தற்காலிக இணைப்புத் தருவதில்லை; அங்கே சிம்மில் 720பி அனுப்புவதாக முன்கூட்டியே சொல்லித்தான் நான் வேலை ஒப்புக்கொள்கிறேன்.