அரை டிகிரிக்கு ஆள் வேண்டும்: ஒரு கிடைமட்டத் துளைச் சேவையைப் பற்றி

எட்டு கிடைமட்ட எண்ணெய்க் கிணறுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனியின் ரோட்டரி ஸ்டீரபிள் கருவி (துளையைத் திசை திருப்புவது), கூடவே பாறையைப் பார்த்துத் துளைக்கு வழி சொல்லும் அவர்களுடைய ஜியோஸ்டீரிங் ஆட்கள். நான் ரிக்கில் ஜியாலஜிஸ்ட். பில்லில் கையெழுத்துப் போடுவது வேறொருவர் என்பதால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வயல் பெரிசு, எண்ணெய் லைட். ஏபிஐ (எண் கூடக் கூட எண்ணெய் லேசு என்று காட்டும் அளவு) நாற்பதை ஒட்டி வரும். சாம்பிள் பாட்டிலைச் சாய்த்தால் டீசல் மாதிரி ஓடுகிறது. ஆனால் எண்ணெய் அடுக்கு ஒல்லி. மேலே காஸ் கேப் என்ற வாயு அடுக்கு, கீழே தண்ணீர். நேர்க்கிணறு போட்டு வேகமாக இழுத்தால் இரண்டில் ஏதாவது ஒன்று கூம்பாகக் கிணற்றுக்குள் வந்துவிடும். படுக்கைவாட்டில் ஒரு கிலோமீட்டர் போனால் அதே எண்ணெயை நிதானமாக உறிஞ்சலாம். சவூதியின் ஷைபா வயலும் இந்த ஜாதிதான்: 1968-ல் கண்டுபிடித்தார்கள், 42 ஏபிஐ எண்ணெய், தலைக்கு மேல் வாயு. 1998-ல் உற்பத்தி தொடங்கியது கிடைமட்டக் கிணறுகளை நம்பித்தான்.

கருவியில் குறையே இல்லை. துளையிடும் திரவத்தின் ஓட்டத்தில் சுழலும் மட் மோட்டாரில் திசை திருப்ப, குழாயைச் சுற்றாமல் ஸ்லைடு பண்ண வேண்டும், துளை நெளிந்துபோகும். இது சுற்றிக்கொண்டே திரும்புகிறது. எட்டுக் கிணற்றிலும் லைனர் (துளைக்குள் இறக்கும் உள்குழாய்) முனகாமல் இறங்கியது.

என்னைக் கவர்ந்தது மூன்றாவது கிணற்றில் ஓர் இரவு. மணி இரண்டு. பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைக் காட்டும் காமா கோடு அசையவில்லை. ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) படத்தில் மட்டும் கீழ்ப்பக்கம் லேசாக இருண்டது, தண்ணீர் நெருங்குவதன் அடையாளம். நைட் ஷிஃப்ட் பையன், "சார், அரை டிகிரி தூக்கலாமா?" என்றான். கொஞ்சம் பார்க்கலாமே என்றேன். "சென்சாருக்குப் பதினஞ்சு மீட்டர் முன்னால துளைக்கிற பிட் போயிட்டிருக்கு சார். நாம பாக்குறது பழைய கதை." அரை டிகிரி என்றால் முப்பது மீட்டருக்குக் கால் மீட்டர்தான் ஏறும். பம்ப் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துக் கருவிக்குக் கட்டளை அனுப்பினான். இரண்டு ஸ்டாண்டு (சேர்த்து மாட்டிய குழாய்த் தொகுதி) போனதும் படம் வெளுத்தது. காமாவை மட்டும் நம்பியிருந்தால் தண்ணீரை முத்தமிட்டிருப்போம். செலவைப் பார்த்து அசிமுத்தல் ரெசிஸ்டிவிட்டியை (துளையின் எந்தப் பக்கம் என்று காட்டும் அந்தப் படத்தை) வெட்ட நினைப்பவர்கள் ஒல்லி அடுக்கில் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது வயிற்றெரிச்சல். ஐந்தாவது கிணற்றில் எம்டபிள்யூடி (துளைக்கும்போதே கீழிருந்து அளவுகளை அனுப்பும் கருவி) சிக்னல் செத்தது. முழுக் குழாயையும் உருவி வெளியே எடுத்தோம். ஸ்பேர் கருவி தயாராக இருந்தது, ஆனால் அதன் மரையும் எங்கள் குழாயின் மரையும் சேரவில்லை. நடுவில் போட வேண்டிய கிராஸ்ஓவர் பெட்டியில் இல்லை! ஒன்றரை நாள் ரிக் சும்மா நின்றது. மாசக் கடைசியில் பில் வந்தது. அந்த ஒன்றரை நாளுக்கும் ஸ்பேர் கருவிக்கு ஸ்டாண்ட்பை வாடகை போட்டிருந்தார்கள். சண்டை போட்டுத்தான் நீக்க முடிந்தது.

ஒன்பதாவது கிணற்றுக்கும் இவர்களையே கேட்டிருக்கிறேன், அந்த நைட் ஷிஃப்ட் பையனோடு. கிராஸ்ஓவரை மட்டும் யார்டிலேயே திருகிப் பார்த்த பிறகுதான் லாரியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.