ரீஃபர்பிஷ்டு எச்.பி.எல்.சி பம்ப் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய எச்.பி.எல்.சி பம்புக்கு (கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் கருவியில் சால்வென்ட்டை அழுத்தித் தள்ளும் பம்ப்) விலை விசாரித்துக்கொண்டிருக்கும் சின்ன லேப்காரர்களுக்காக எழுதுகிறேன். புது பம்ப் விற்கும் விலையைப் பார்த்தால் ரீஃபர்பிஷ்டு வாங்குவதில் தப்பே இல்லை, நாங்களும் அதனால்தான் வாங்கினோம். எங்கள் தலையில் அதைக் கட்டிய விதம்தான் விஷயம்.

டீலர் கடையில் டெமோ பிரமாதம். நாலு சால்வென்ட்டைத் தனித்தனியாக எடுத்துக் கலக்கும் நாலு சேனல் பம்பில் ஏ சேனலில் மட்டும் தண்ணீர், நிமிடத்துக்கு 1 மி.லி. பிரஷர் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. "சீல், பிளஞ்சர் எல்லாம் புதுசு சார்" என்று சொல்லி (பிளஞ்சர் என்பது திரவத்தைத் தள்ளும் தண்டு, சீல் அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்), சீல் தேய்மானக் கவுன்டர் பூஜ்யத்தில் இருப்பதைத் திரையில் காட்டினார். அந்தக் கவுன்டரை மெனுவுக்குள் போய் யார் வேண்டுமானாலும் பூஜ்யமாக்கலாம். சீலை மாற்றினார்களா இல்லையா என்பது பம்புக்குத் தெரியாது. கூடவே ஒரு காலிபரேஷன் சான்றிதழும் வந்தது. அதில் இருந்த அளவுகள் எல்லாம் சி18 காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) மாட்டாமல், வெறும் தண்ணீரில், 1 மி.லி. ஓட்டத்தில் மட்டும் எடுத்தவை. எதிர் அழுத்தமே இல்லாவிட்டால் தேய்ந்த சீலும் ஒழுங்காகத்தான் தள்ளும்.

லேபில் காலம் மாட்டி, பிரஷர் 150 பாரைத் தாண்டியதும் சாயம் வெளுத்தது. ஒரு இன்ஜெக்ஷனில் 8.2 நிமிடத்தில் வந்த பீக் (ஒரு பொருள் வெளியே வருவதைத் திரையில் காட்டும் மேடு), அடுத்ததில் 8.9க்குப் போனது. வெறும் அனாலிசிஸ் என்றால் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். எங்களுக்குப் பியூரிஃபிகேஷன்தான் பிழைப்பு. 10 மி.மீ. காலத்தில் 4.7 மி.லி. ஓட்டத்தில், நேரம் பார்த்து ஃப்ராக்ஷன் (வெளியே வரும் திரவத்தைப் பகுதி பகுதியாக) பிடிக்கிறோம். பீக் நகர்ந்தால் பக்கத்து இம்ப்யூரிட்டி நேராக மெயின் ஃப்ராக்ஷனில் வந்து விழும். கஸ்டமர் கொடுத்த காம்பவுண்டில் பாதிக்கு மேல் அப்படிக் கலந்துபோய், மறுபடி சால்வென்ட் வற்றவைத்து முதலிலிருந்து பிரிக்க வேண்டியதாயிற்று.

டீலருக்கு போன் செய்தால், "மொபைல் ஃபேஸ் ஃபில்டர் பண்ணீங்களா? டீகேஸ் பண்ணீங்களா?" என்று, ஓட்டும் சால்வென்ட்டை வடிகட்டி, அதிலுள்ள காற்றை நீக்கினோமா என்று நமக்கே பாடம். சுத்த அசிட்டோநைட்ரைல் சால்வென்ட்டில் செக் வால்வு (திரவத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) ஒட்டிக்கொள்வது புது பம்பிலும் வரும்தான், அதனால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தோம். மாற்றமில்லை.

தெரிந்த சர்வீஸ் என்ஜினியர் ஒருவர் வந்து பர்ஜ் வால்வைத் திறந்தார். உள்ளே இருந்த வெள்ளை ஃபிரிட் (சின்ன வடிகட்டி) கரிபிடித்த மாதிரி கறுத்துக் கிடந்தது, சீல் தேய்ந்து உதிர்ந்த தூள். பம்ப் ஹெட்டைக் கழற்றினால் பின்புறம், சீல் வழியாகக் கசிந்து காய்ந்த பஃபர் உப்பு பொருக்குக் கட்டியிருந்தது. பிளஞ்சரை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், நீளவாக்கில் கீறல்கள். அந்தக் கீறலோடு புது சீல் போட்டாலும் சீக்கிரமே அரித்துவிடும் என்றார். டி சேனல் வால்வு வேறு கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சேனலை டெமோவில் தொடவே இல்லை.

படங்களோடு டீலரிடம் போனால், சீல், பிளஞ்சர், செக் வால்வு எல்லாம் கன்ஸ்யூமபிள்ஸாம், வாரன்டியில் வராதாம். பம்பில் தேய்வதே அவைதானே, அப்புறம் வாரன்டி எதற்கு, பெயின்டுக்கா? இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்பனை" என்று வேறு இருந்தது. பணம் திரும்பவில்லை. பாகங்களை எங்கள் செலவில் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் போகும்போது உங்கள் காலத்தையும் மெத்தனாலையும் கையோடு எடுத்துப் போங்கள். நாலு சேனலையும் ஓட்டச் சொல்லுங்கள். காலம் மாட்டிய நிலையில் 1 மி.லி. வைத்து 10 மி.லி. ஃபிளாஸ்க்கை நிரப்புங்கள், 10 நிமிடம் ஆக வேண்டும். வெளிவாயை அடைத்து பிரஷர் ஏற்றி, பம்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள், சரசரவென இறங்கினால் எங்கோ கசிகிறது. டிடெக்டரும் இருந்தால், பி சேனல் பாட்டிலில் கொஞ்சம் அசிட்டோன் கலந்து, காலத்துக்குப் பதில் மெல்லிய கேபிலரி மாட்டி, 265 நானோமீட்டரில் பார்த்தபடி பியின் பங்கைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றுங்கள். திரையில் படிகள் சமமாக வராவிட்டால் கிரேடியன்ட்டை (ஓட்டத்தின்போது சால்வென்ட் கலவை விகிதத்தை மாற்றுவதை) நம்ப முடியாது. பம்ப் ஹெட்டைக் கண் முன்னால் கழற்றிக் காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். தெரிந்தவருக்கு அரை மணி வேலைதான் அது.

சீலும் பிளஞ்சரும் வாரன்டியில் உண்டு என்பதை, பம்பின் சீரியல் நம்பரோடு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். எங்களிடம் வாயால் சொன்னதெல்லாம் போனை வைத்ததோடு சரி.