இரட்டைத் துளை ஃப்ளெக்ஸ்பிளேட் கிட்: போல்ட் சேர்ந்துவிடும், மற்றவை?

பழைய ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் இன்ஜினில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பெட்டி) பூட்ட நினைப்பவர்கள் முதலில் வாங்குவது இந்த கிட்டைத்தான். பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: 168 பல் ஃப்ளெக்ஸ்பிளேட் (இன்ஜினின் கிராங்க் தண்டின் பின்முனையில் பூட்டி கன்வெர்ட்டரைச் சுழற்றும் பல் தகடு) ஒன்று, கிராங்க் போல்ட் ஆறு, கன்வெர்ட்டர் போல்ட் மூன்று, கடினப்படுத்திய வாஷர் ஒரு பொட்டலம். சிலவற்றில் கன்வெர்ட்டரின் மூக்குக்கு, அதாவது கிராங்கின் நடுத்துளையில் நுழையும் முன்முனைக்கு, ஒரு வளையமும் வரும். ‘1955 முதல் 1985 வரை எல்லா ஸ்மால் பிளாக்குக்கும்’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பிளேட்டைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பினால்தான் வம்பு.

பிளேட்டில் கன்வெர்ட்டருக்கு இரண்டு போல்ட் வட்டம் துளைத்திருக்கிறார்கள்: சிறிய கன்வெர்ட்டருக்கு 10.75 அங்குலம், பெரியதற்கு 11.5 அங்குலம். பொருந்தாத கன்வெர்ட்டரோடு மல்லுக்கட்டுபவருக்கு இது பெரிய உதவி. டிரில் எடுத்துத் துளையை நீட்டுகிற வேலையே இல்லை. ஆனால் 168 பல் என்றால் 14 அங்குல விட்டம். முன்பு 12.75 அங்குலத்தில் 153 பல் பிளேட் இருந்திருந்தால் ஸ்டார்ட்டரும் மாற வேண்டும். சிறிய பிளேட்டின் ஸ்டார்ட்டரில் இரண்டு போல்ட்டும் நேர்க்கோட்டில் இருக்கும், பெரியதில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சாய்ந்திருக்கும். சில சிறிய பெல் ஹவுசிங்குகளுக்குள் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்கூடு) 14 அங்குலம் சுழலவே இடமிருக்காது. வாங்குவதற்கு முன் பழைய பிளேட்டின் பற்களை எண்ணிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இனி 1985 என்ற அந்த எல்லைக்கு வருவோம். 1986 முதல் பின்பக்க மெயின் சீல் (கிராங்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) ஒரே துண்டானது, கிராங்க் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 அங்குலமாகச் சுருங்கியது. அந்த இன்ஜினில் இந்த பிளேட் ஏறவே ஏறாது, ஆகவே ஆபத்தும் இல்லை. ஆபத்து 400 கன அங்குல ஸ்மால் பிளாக்கில் இருக்கிறது. ஆண்டு பொருந்துகிறது, போல்ட் வட்டமும் பொருந்துகிறது, பிளேட் அழகாக உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் 400-க்கு வெளியிலிருந்து சமன் எடை வேண்டும், அதில் ஒரு பகுதி ஃப்ளெக்ஸ்பிளேட்டில் இருக்க வேண்டும். கிட்டில் வருவதோ எடை இல்லாத பிளேட். பூட்டி ஓட்டினால் வேகம் கூடக் கூட வண்டியே நடுங்கும். கன்வெர்ட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ‘400 நீங்கலாக’ என்று ஒரு வரி அச்சிட என்ன செலவு ஆகிவிடும்?

கிட்டைவிடப் பொருத்தும் விதம்தான் கியர்பாக்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கன்வெர்ட்டருக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, அதன் கழுத்துக்கும் (கியர்பாக்ஸ் பம்புக்குள் நுழையும் பின்பக்கக் குழாய்) பம்ப் சீலுக்கும் ஆயில் தடவி, கியர்பாக்ஸில் செருகுங்கள். மெல்லத் திருப்பிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். ஒரு ‘டக்’, இன்னொரு ‘டக்’, பிறகு மூன்றாவது. முதல் இரண்டும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் டர்பைன், ஸ்டேட்டர் சக்கரங்களின் ஸ்ப்ளைன்கள் (தண்டோடு கோத்துக்கொள்ளும் பல்வரிகள்) சேர்வது. மூன்றாவது, கழுத்தில் இருக்கும் வெட்டு பம்ப் கியரின் காதில் அமர்வது. இரண்டோடு நின்றுவிட்டால் பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரியும். ‘கொஞ்சம்தானே, போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம்’ என்று ரெஞ்சை எடுத்தால் பம்ப் கியர் அங்கேயே உடையும். இரண்டு டவல் பின்னும் (பிளாக்கில் நீட்டியிருக்கும் வழிகாட்டி முளைகள்) இருக்கும்போது ஹவுசிங் கை அழுத்தத்திலேயே பிளாக்கோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் கியர்பாக்ஸை வெளியே இழுங்கள், மறுபடி முதலிலிருந்து.

ஒட்டியபின் கன்வெர்ட்டர் கையாலேயே லேசாகச் சுழல வேண்டும். அதை முழுதும் பின்னே தள்ளிவிட்டு, பிளேட்டுக்கும் கன்வெர்ட்டர் பேடுக்கும் (அதில் போல்ட் ஏறும் மேடை) உள்ள இடைவெளியை ட்ரில் பிட்டின் அடிப்பாகத்தால் அளக்கலாம். 3.2 முதல் 4.8 மி.மீ. வரை இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் முன்னே இழுத்துப் பூட்டும்போது கழுத்து பம்ப் கியரைவிட்டுப் பாதி வெளியே வந்துவிடும், காது சிறிது சிறிதாகத் தேய்ந்து ஒருநாள் வழுக்கும். கிட்டின் வாஷர்கள் இதற்குத்தான். இடைவெளி 6 மி.மீ. என்றால் மூன்று பேடிலும் 1.5 மி.மீ. வாஷர் ஒவ்வொன்று, மீதி 4.5. மூன்றிலும் ஒரே தடிமன் வேண்டும், சாதாரண மென்மையான வாஷர் கூடாது, நசுங்கிவிடும். இடைவெளி குறைவாக இருந்தால் வாஷர் எதுவும் செய்யாது. சூட்டிலும் அழுத்தத்திலும் கன்வெர்ட்டர் சற்று உப்பும். பின்னே போக இடமில்லாமல் அது பம்பையும், முன்பக்கம் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கையும் தின்னும். அப்போது கன்வெர்ட்டரே தவறு, அல்லது பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது.

கிட்டின் பெரிய குறை கன்வெர்ட்டர் போல்ட்டுகள். ஒரே நீளத்தில்தான் தருகிறார்கள். டர்போ 350 கியர்பாக்ஸின் கன்வெர்ட்டரில் வழக்கமான 3/8-24 மரைக்கு அவை சரி, 700ஆர்4 கியர்பாக்ஸ் வகையில் மெட்ரிக் மரை, சேராது. நீளம் இன்னும் முக்கியம். பேடின் துளை முடிவதற்குள் போல்ட் இறுகவில்லையென்றால் அதன் நுனி கன்வெர்ட்டரின் முன்மூடியை முட்டிக் குழி விழச் செய்யும். லாக்-அப் கன்வெர்ட்டரில் (ஓடும்போது உள்ளிருக்கும் கிளட்ச் இன்ஜினை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் வகை) அந்த மூடியின் உட்பக்கம்தான் கிளட்ச் பிடிக்கும் பரப்பு. உள்ளே பயறு அளவு புடைப்பு, ஓட்டும்போது லாக்-அப் விழும் ஒவ்வொரு முறையும் அதிர்வு. ஆகவே ஒவ்வொரு போல்ட்டையும் பிளேட்டும் வாஷருமாகச் சேர்த்துக் கையால் திருகிப் பார்த்து, தலை முழுதும் அமர்ந்தபின் சுமார் 47 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கிராங்க் போல்ட்டுகளுக்கு 80 அளவில், குறுக்கும் மறுக்குமாக, மரைப் பசையோடு.

மூக்கு வளையம் தேவைப்படுகிறதா என்று பார்க்க வெர்னியர் போதும். கிராங்கின் நடுத்துளை சுமார் 1.703 அங்குலம், கன்வெர்ட்டரின் மூக்கு அதில் ஆட்டமில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். மூன்று போல்ட் மட்டுமே மையத்தைப் பிடிக்கட்டும் என்று விட்டால் பம்ப் புஷ்ஷும் முன் சீலும் சீக்கிரம் போகும். கியர்பாக்ஸ் இல்லாமல் கன்வெர்ட்டரை மட்டும் பிளேட்டில் பூட்டி, கழுத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றும்போது ஆட்டம் 0.25 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி.

எந்த கிட்டாலும் சரிசெய்ய முடியாதது ஸ்டால் வேகம், அதாவது வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு முழு த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் எட்டும் உச்ச சுற்று. கன்வெர்ட்டரில் எழுதியிருக்கும் எண் அது முதலில் இருந்த இன்ஜினுக்கு உரியது. முறுக்குவிசையின் வர்க்கமூலத்தை ஒட்டியே ஸ்டால் மாறும். 400 நியூட்டன் மீட்டர் இன்ஜினில் 2,400 சுற்றில் நின்ற கன்வெர்ட்டர், 250 தரும் பழைய இன்ஜினில் 1,900-க்கே நின்றுவிடும். அங்கே பாய்ந்த வண்டி இங்கே சிக்னலில் சோம்பும், டிரைவில் போட்டால் ஐடில் இழுத்துக்கொண்டு தடுமாறும். விட்டத்தின் செல்வாக்கு இதைவிடக் கடுமை. ஒரே வடிவமைப்பில் 12 அங்குலக் கன்வெர்ட்டர் 10 அங்குலத்தைவிட அதே வேகத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு முறுக்குவிசையை விழுங்கும்.

ஸ்ப்ளைனும் அப்படித்தான். 700ஆர்4-இல் ஆரம்பகாலத்து உள்ளீட்டுத் தண்டில் 27, பிந்தையதில் 30. ஒன்று மற்றதில் நுழையாது. லாக்-அப் கன்வெர்ட்டரை லாக்-அப் இல்லாத கியர்பாக்ஸில் போடுவதையும் மறந்துவிடலாம், அதற்கான ஆயில் பாதையே அங்கு இல்லை.

இன்ஜின் 400 இல்லை, கன்வெர்ட்டர் ஏற்கனவே கையில் இருக்கிறது, ஸ்ப்ளைனும் ஸ்டாலும் ஒத்துப்போகின்றன என்றால் கிட் காசுக்குத் தகும். போல்ட்டை மட்டும் தனியாக வாங்குங்கள். கையில் இருப்பது கிளட்ச் கருகிய கியர்பாக்ஸிலிருந்து வந்த கன்வெர்ட்டரா? சுற்றிலும் வெல்டிங் போட்ட பெட்டி அது. வெட்டித் திறக்காமல் உள்ளிருக்கும் உலோகத் தூளைக் கழுவி எடுக்க முடியாது. அதைப் பூட்டினால் பழைய கியர்பாக்ஸின் அழுக்கு புதியதன் வால்வு பாடிக்குள் போகும்.